எந்தச் சரக்குக்கு எந்தப் பொருட்காட்சி?

இந்தப் பாடத்தை எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் குழுக் கூட்டத்தில் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். நடுவில் ஒரு கணக்கு வருகிறது. அந்த இடம் வந்ததும் பேனாவும் தாளும் எடுத்து எல்லோரும் சேர்ந்து போட்டுப் பாருங்கள்.

போன மாதம் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஊறுகாய்க் குழுச் சகோதரி ஒருவர் எழுந்து, "அக்கா, டவுன்ல ஏதோ பெரிய எக்ஸிபிஷன் போடுறாங்களாம். ஸ்டால் வேணுமான்னு போன்ல கேக்குறாங்க. போகலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். பாதிப் பேர் "போகலாம், போகலாம்" என்றார்கள். மீதிப் பேர், "ஐயையோ, பாய்க் குழு கதையாப் போயிடப் போகுது" என்றார்கள். இரண்டு பக்கமும் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அங்கே யார் வருவார்கள்? வருகிறவர் ஊறுகாய் வாங்குகிற ஆளா? எத்தனை நாள்? வாடகை எவ்வளவு? இதெல்லாம் தெரியாமலே கை தூக்கினோம். அதனால்தான் இந்த மாதம் இதையே பாடமாக வைத்துக்கொள்ளலாம் என்று கூட்டமைப்பில் முடிவானது.

பாய்க் குழுவுக்கு நடந்தது

புதிதாகச் சேர்ந்த குழுக்களுக்கு அந்தக் கதை தெரியாது. நானும் கூடப் போனவள். போகலாம் என்று முடிவெடுத்ததிலும் எனக்குப் பங்கு உண்டு. அதனால் மறைக்காமல் சொல்கிறேன்.

பெரிய நகரம், பெரிய மண்டபம். மூன்று நாள். 3 மீட்டருக்கு 3 மீட்டர் ஸ்டால், வாடகை 12,000 ரூபாய். ஏ.சி. மண்டபம், கீழே கம்பளம், பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க என்று சொன்னார்கள். வந்தார்கள், அது பொய்யில்லை. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வந்த அத்தனை பேரும் மெஷின் பார்க்க வந்த கம்பெனிக்காரர்கள். எங்களுக்கு ஒரு பக்கம் பம்புசெட்டு, இன்னொரு பக்கம் பாக்கெட் போடுகிற மெஷின். நடுவில் 80 கோரைப் பாயை அடுக்கி வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேர். ஸ்டாலுக்குள் வந்தவர்கள் பாயைத் தடவிப் பார்த்து, "ஹேண்ட்மேடா? வெரி குட்" என்று சொல்லி, விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டுப் போனார்கள். தோளில் ஆபீஸ் பையோடு ரயிலேறப் போகிறவர் ஆறடிப் பாயை எப்படித் தூக்கிக்கொண்டு போவார்? இதை நாங்கள் ஊரிலேயே உட்கார்ந்து யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

மூன்று நாளில் 17 பாய் விற்றது. ஒன்று 300 ரூபாய், மொத்தம் 5,100. செலவு வாடகை 12,000, வண்டி 3,500, தங்கல் சாப்பாடு 2,500, ஆக 18,000. இதற்காகக் குழுவில் 20,000 ரூபாய் உள்கடன் வாங்கியிருந்தார்கள். திரும்பி வரும்போது வழியில் மழை. தார்ப்பாய் சரியாக மூடாமல் ஒன்பது பாய் நனைந்து பூஞ்சை பிடித்துப் போச்சு. கடனை அடைக்க ஒரு வருஷம் ஆனது. பணம் போனதுகூடப் பரவாயில்லை. நன்றாக நெய்யும் ஒரு சகோதரியை, "பாய் விக்கிறேன்னு இனிமே வாசலைத் தாண்டாதே" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஆறு மாதம் அவர் கூட்டத்துக்கே வரவில்லை. சேமிப்புப் பணத்தை மட்டும் மகளிடம் கொடுத்து அனுப்பினார்.

மீதி நல்ல பாயை என்ன செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். தை பிறந்ததும் நம் மாவட்டத் தலைநகரில் மகளிர் குழுக்களுக்கான விற்பனைக் கண்காட்சி ஐந்து நாள் நடந்தது. கல்யாண மாதம். சீர்வரிசைக்குப் பாய் வாங்க வந்த அம்மாக்கள் ஜோடி ஜோடியாக எடுத்தார்கள். ஆட்டோ பிடித்துப் பாயை ஏற்றிக்கொண்டு போக அவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. அதே பாய், அதே 300 ரூபாய். ஐந்தாம் நாள் மதியமே காலி. வேணுமென்று கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம்.

வருகிறவர் எதற்கு வருகிறார்?

பொருட்காட்சி என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் சொல்லிவிடுகிறோம். வருகிற கூட்டத்தைப் பார்த்தால் மூன்று விதம் தெரியும். பொழுதுபோக்க வருபவர்கள் ஒரு வகை. பொருள் வாங்கவென்றே வருபவர்கள் ஒரு வகை. மொத்தமாக வாங்கி விற்க, வியாபாரம் பேச வருபவர்கள் ஒரு வகை.

சென்னைத் தீவுத்திடலில் பொங்கலை ஒட்டி வழக்கமாகத் தொடங்கும் சுற்றுலாத் தொழில் பொருட்காட்சி, மதுரைச் சித்திரைத் திருவிழாவை ஒட்டி நடக்கும் அரசுப் பொருட்காட்சி இவையெல்லாம் முதல் வகை. சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். ராட்டினம், டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி எல்லாம் முடிந்து கையில் மிச்சம் இருக்கிற பணத்தில்தான் நம்ம ஸ்டாலுக்கு வருவார்கள். அங்கே 20 ரூபாய், 50 ரூபாய் சரக்கு பறக்கும். எள்ளுருண்டை, கடலை மிட்டாய், முறுக்கு, பாசி மாலை, பிள்ளைகளுக்கான ஓலைக் கிலுகிலுப்பை. 900 ரூபாய்ச் சேலையை எடுத்துப் பார்ப்பார்கள், "அப்புறம் வர்றோம்" என்பார்கள். இந்த வகையில் இன்னொரு சிக்கல், நாள் அதிகம். மாதக்கணக்கில் நடக்கிற பொருட்காட்சியில் யார் போய் உட்காருவது? நாற்று நடவு, பிள்ளைகளுக்குப் பரீட்சை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று வரிசையாக வரும். நான்கைந்து குழு சேர்ந்து முறை வைத்துக்கொண்டால்தான் முடியும்.

வாங்கவென்றே வருகிற கூட்டத்துக்கு நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் சரஸ் மேளா. மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் ஆதரவில் பல மாநிலங்களில் நடக்கிறது. டில்லியில் நவம்பர் 14 முதல் 27 வரை பிரகதி மைதானத்தில் நடக்கும் இந்திய சர்வதேச வர்த்தகக் கண்காட்சியிலும் சரஸ் அரங்கம் போடுகிறார்கள். அந்தக் கண்காட்சியில் அண்மை ஆண்டுகளில் முதல் ஐந்து நாளை வியாபாரிகளுக்கு ஒதுக்கி, பிறகுதான் பொதுமக்களை விடுகிறார்கள். முதல் இரண்டு நாள் விற்பனை மந்தமாக இருந்தால் மனசு விட்டுவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். சென்னை நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நவராத்திரி, தீபாவளி, பொங்கல் சமயங்களில் நடக்கும் மகளிர் குழுக் கண்காட்சிகளும் இதே ரகம்தான். வருகிறவர்கள் பையைக் கையில் எடுத்துக்கொண்டே வருவார்கள். நவராத்திரிக்குக் கொலு பொம்மை, தீபாவளிக்குப் பலகாரம், பொங்கலுக்கு மண்பானை என்று மாதத்தைப் பார்த்துச் சரக்கு கொண்டுபோக வேண்டும்.

டில்லிக்குப் போகிற குழுக்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம ஊரில் எல்லோர் வீட்டிலும் இருக்கிற சாதாரணக் கோரைப் பாயை அவ்வளவு தூரம் ஏற்றிக்கொண்டு போவது வீண். பத்தமடைப் பாய் மாதிரி நுணுக்க வேலை என்றால் அங்கே அதைத் தெரிந்து வாங்க ஆள் உண்டு. பனை ஓலைப் பெட்டி, சுங்குடிச் சேலை போல அந்தப் பக்கம் கிடைக்காத சரக்கு போகும். ஹிந்தி தெரியாதே என்று பயப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு பொருளிலும் விலையை எண்ணில் எழுதி ஒட்டிவிட்டால் பாதிப் பேச்சு மிச்சம். கம்பளி மறக்க வேண்டாம். நவம்பரில் ராத்திரிக் குளிர் நமக்குப் பழக்கமில்லாதது.

கல்லூரிச் சந்தை தனி ரகம். மகளிர் திட்டம் மூலமாகக் கல்லூரி வளாகத்திலேயே இரண்டு மூன்று நாள் நடத்துகிறார்கள். பிள்ளைகள் கையில் 100, 150 ரூபாய்தான் இருக்கும். அரைக் கிலோ ஊறுகாய் பாட்டிலை ஹாஸ்டல் பிள்ளையைத் தவிர யாரும் தொட மாட்டார்கள். கம்மல், வளையல், சணல் பை, செல்போன் உறை, சிறுதானிய லட்டு போகும். பாய் நெய்கிற குழுக்கூட அதே கோரையில் பென்சில் பை, ஃபைல் உறை தைத்துக் கொண்டுபோகலாம்.

மூன்றாவது வகை வியாபாரக் கண்காட்சி. சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலும் கோவை கொடிசியா வளாகத்திலும் நடப்பவற்றில் பல இந்த ரகம். நாங்கள் அடிபட்டதால் இந்த வகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்களிடம் அதற்கான சரக்கும் அளவும் இல்லை என்பதுதான் விஷயம். இங்கே வருகிறவர் ஒரு பாட்டில் வாங்க மாட்டார். "மாசம் எவ்வளவு தருவீங்க? ஒரே தரமா இருக்குமா? கடனுக்கு எத்தனை நாள்?" என்று கேட்பார். மாதம் 500 கிலோ சத்துமாவு தர முடிகிற கூட்டமைப்பு என்றால், கட்டாயம் போக வேண்டும். 80 பாயைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. சாம்பிளும், மொத்த விலை போட்ட ஒரு தாளும் போதும். அதற்கும் முன்னால், மகளிர் திட்டத்தில் நடத்துகிற வாங்குவோர் விற்போர் சந்திப்புக்கு ஒருமுறை போய்வந்தால் அந்தப் பேச்சு பழகும். அங்கே போனதும் வாய் அடைத்துப் போவது எல்லோருக்கும் முதல் தடவை நடக்கிறதுதான்.

கொடிசியாவிலேயே நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் வேளாண் கண்காட்சிக்கு விவசாயிகள் திரளாக வருகிறார்கள். மண்புழு உரம், நாற்று, நார்க்கழிவு உரம் செய்கிற குழுக்களுக்கு அது தெரிந்த கூட்டம். மண்டபம் பெரிதா சிறிதா என்று பார்ப்பதை விட்டு, வருகிறவர் வீட்டில் நம்ம சரக்குக்கு வேலை இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே கயிறு திரிக்கிற குழுக்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர்கள் எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் வியாபாரம் இல்லை என்று குறைப்படுகிறார்கள். ஏ.சி. மண்டபத்தில் மூக்கணாங்கயிறு யார் வாங்குவார்? ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் மாடும் குதிரையும் வந்து குவியும். காங்கேயம் பக்கம் கண்ணபுரத்தில் சித்திரையில் மாட்டுச் சந்தை கூடுகிறது. அங்கே மாடு வாங்குகிறவர் கயிறு இல்லாமல் எப்படி ஓட்டிப் போவார்? திருவிழாச் சந்தையும் ஒரு பொருட்காட்சிதான். வளைவும் வண்ண விளக்கும் இல்லாததால் நாம் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதே மாதிரி, ஊருக்குப் பெயர்போன சரக்கை அந்த ஊருக்கே கொண்டுபோக வேண்டாம். மணப்பாறையில் முறுக்கு ஸ்டால் போட்டால் சொந்தக்காரர்கூட வாங்க மாட்டார். தூத்துக்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைக் கோவைக்குக் கொண்டுபோனால் தேடி வந்து வாங்குவார்கள்.

முதல் வருஷம் வேடிக்கை பார்க்கப் போங்கள்

ஸ்டால் எடுப்பதற்கு முந்தின வருஷமே இரண்டு பேர் டிக்கெட் எடுத்துச் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் நான் கண்ட நல்ல வழி. பஸ் கட்டணமும் நுழைவுச் சீட்டும் சேர்த்து 500 ரூபாய் ஆகுமா? 12,000 போனதற்கு அது ஒன்றும் பெரிதில்லை.

போனதும் உள்ளே ஓடாதீர்கள். வெளியே வருகிற வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். வெளியே போகிறவர்கள் கையில் பை இருக்கிறதா என்று எண்ணுங்கள். நூறு பேரில் எத்தனை பேர் கையில் சாமான் இருக்கிறது? உள்ளே எவ்வளவு கூட்டம் இருந்தாலும் வெளியே வெறுங்கையோடு போனால் அது வேடிக்கைக் கூட்டம். பையில் என்ன இருக்கிறது என்பதும் பாதி தெரியும்.

பிறகு உள்ளே போய் நம்மைப் போலவே சரக்கு வைத்திருக்கிற ஸ்டாலில் பேச்சுக் கொடுங்கள். "வியாபாரம் எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். "அடுத்த வருஷமும் வருவீங்களா?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் உண்மை இருக்கும். இதைக் கடைசி நாளைக்கு முந்தின நாள் கேட்பது நல்லது. முதல் நாள் யாருக்கும் ஒன்றும் தெரியாது, கடைசி நாள் மூட்டை கட்டுகிற அவசரத்தில் இருப்பார்கள். ஊறுகாய் ஸ்டால் மட்டும் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். பதினைந்து ஊறுகாய் ஸ்டாலில் நாம் பதினாறாவதாகப் போக வேண்டுமா?

கழிப்பறை எங்கே இருக்கிறது, பெண்கள் தங்க இடம் உண்டா, ராத்திரி சரக்குக்குக் காவல் உண்டா என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள். நடத்துகிறவர்கள் இதை அவர்களாகச் சொல்வதில்லை. இதைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்த சகோதரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கணக்கைப் போடுங்கள்

ஊறுகாய்க் குழுவையே எடுத்துக்கொள்வோம். மூன்று நாள் கண்காட்சி என்று வையுங்கள். ஸ்டால் வாடகை 4,000. வண்டி 1,800. இரண்டு பேருக்கு மூன்று நாள் சாப்பாடு 1,200. பை, நோட்டீஸ் 200. இதோடு நிறுத்திவிடுகிறோம், அதுதான் தப்பு. இரண்டு பேரின் மூன்று நாள் கூலி, ஒரு நாளைக்கு 300 என்றாலும், 1,800. "நம்ம உழைப்புதானே" என்று விட்டுவிடக் கூடாது. அந்த மூன்று நாள் வேறு வேலைக்குப் போயிருந்தால் கூலி வந்திருக்கும். மொத்தம் 9,000 ரூபாய்.

ஊறுகாயில் மாங்காய், எண்ணெய், பாட்டில், செய்கூலி எல்லாம் போக நூறு ரூபாய் விற்பனையில் 30 ரூபாய் நிற்கிறது என்று வைப்போம். 9,000 ரூபாய்ச் செலவை எடுக்க எவ்வளவு விற்க வேண்டும்? 30,000 ரூபாய்க்கு. ஒரு பாட்டில் 60 ரூபாய் என்றால் 500 பாட்டில். மூன்று நாளைக்கு, நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் மொத்தம் முப்பது மணி நேரம். மணிக்கு 17 பாட்டில். அதாவது சாப்பிடப் போகாமல், எழுந்திருக்காமல், மூன்றரை நிமிஷத்துக்கு ஒரு பாட்டில் விற்றுக்கொண்டே இருந்தால் அசலுக்கு அசல் சரி. அதற்கு மேல் விற்பதுதான் நமக்கு.

இந்தக் கணக்கைப் போட்டதும் ஊறுகாய்க் குழுச் சகோதரியே, "அக்கா, அவ்ளோ கூட்டம் வராது போலிருக்கே" என்றார். வருமா வராதா என்பது போய்ப் பார்த்தவருக்குத்தான் தெரியும். 

இலவச ஸ்டால் என்றால் யோசிக்காமல் போகலாமா? வாடகை 4,000 போனாலும் மீதி 5,000 செலவு நிற்கிறது. அதை எடுக்க 16,700 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். சரஸ், கல்லூரிச் சந்தை போன்றவற்றில் குழுக்களுக்கு என்னென்ன செலவு தருகிறார்கள் என்பதை அழைப்புக் கடிதத்தில் படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் மகளிர் திட்ட அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். உத்யம் பதிவு உள்ள குழு, ஸ்டால் வாடகைக்கு உதவி ஏதும் கிடைக்குமா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். நபார்டு வங்கியின் மாவட்ட வளர்ச்சி மேலாளரிடமும் கேட்கலாம். பக்கத்து ஊர் என்றால் வண்டிச் செலவு குறைய ஒரு வழி உண்டு. அடையாள அட்டை உள்ள குழு உறுப்பினர்கள் ஏ.சி. இல்லாத அரசுப் பேருந்தில் 100 கிலோமீட்டர் வரை 25 கிலோ சரக்கைக் கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம் என்று தமிழக அரசு 2025-ல் அறிவித்தது. ஏறும் முன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, டிப்போவில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

எங்கே, எப்போது நடக்கிறது என்பது எப்படித் தெரியும்?

கலெக்டர் அலுவலகத்தில் இருக்கிற மகளிர் திட்டப் பிரிவிலும், பூமாலை வணிக வளாகத்திலும் மாதம் ஒருமுறை யாராவது போய்க் கேட்பது என்று வைத்துக்கொள்ள வேண்டும். கடிதம் வரும் என்று காத்திருந்தால், கடைசித் தேதிக்கு முந்தின நாள்தான் வந்து சேரும். கைவினைப் பொருள் செய்கிறவர்கள் மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகம் தருகிற கைவினைஞர் அடையாள அட்டைக்கு இப்போதே மனு கொடுத்து வையுங்கள். காந்தி சில்ப் பஜார் போன்ற சந்தைகளில் இடம் கேட்க அது உதவும். ஹரியானாவில் 1987 முதல் பிப்ரவரி மாதம் நடந்துவரும் சூரஜ்குண்ட் கைவினை மேளாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கெல்லாம் மாதக்கணக்கில் முன்னாலேயே மனு போடணும்.

போனில் வருகிற அழைப்பு வேறு. "ரெண்டே ஸ்டால்தான் பாக்கி, இன்னைக்கே அட்வான்ஸ் போடுங்க" என்று அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்துங்கள். நடத்துவது யார், போன வருஷம் எங்கே நடத்தினார்கள், அதில் கடை போட்ட இரண்டு பேர் நம்பர் தர முடியுமா என்று கேளுங்கள். தனி ஆளின் கூகுள் பே நம்பருக்குப் பணம் போட வேண்டாம். நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் போட்டு ரசீது வாங்குங்கள். கரண்டுக்குத் தனிக் கட்டணமா, மேசை நாற்காலி தருவார்களா, எந்த மூலையில் ஸ்டால் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். கடைசி வரிசை மூலை ஸ்டாலுக்கு வாடகை குறைவாக இருக்கலாம். ஆனால் ஆளும் குறைவாகத்தான் வரும்.

சரக்கு தயாரா, ஆள் தயாரா?

உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், அந்த 14 இலக்க எண், லேபிளில் இருக்க வேண்டும். என்னென்ன சேர்த்தது, எடை, விலை, தயாரித்த தேதி, எதுவரை சாப்பிடலாம், குழுவின் முகவரி, புகார் சொல்ல போன் நம்பர், சைவம் என்றால் பச்சைப் புள்ளி. இது இல்லாத பாக்கெட்டைப் படித்த வாடிக்கையாளர் திருப்பி வைத்துவிடுகிறார், அதிகாரி வந்தால் எடுத்துக்கொண்டே போய்விடுவார். பிளாஸ்டிக் கேரி பைக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. துணிப்பை தைக்கிற குழு நம்மிடமே இருக்கும்போது வெளியே ஏன் வாங்க வேண்டும்?

கியூ.ஆர். அட்டை இல்லாமல் நகரத்தில் இப்போது வியாபாரம் ஓடாது. அந்த அட்டை குழுவின் வங்கிக் கணக்கோடு சேர்ந்ததாக இருக்கட்டும். அவசரத்துக்கு ஒருவர் மகனுடைய நம்பரை மாட்டி வைத்து, பிறகு எவ்வளவு வந்தது என்று தெரியாமல் ஒரு நல்ல குழு இரண்டாக உடைந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். காலையில் எத்தனை உருப்படி வைத்தோம், ராத்திரி எத்தனை மிச்சம் என்று நோட்டில் எழுதினால் பணமும் சரக்கும் ஒத்துப்போகிறதா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

இப்போது கொஞ்சம் மனசு கோணுகிற விஷயம். பொருட்காட்சி என்றால் எப்போதும் அதே ஊக்குநர், அதே பிரதிநிதிதான் போகிறார்கள் என்ற குறை பல குழுக்களில் இருக்கிறது. குறை நியாயமானது. நானே நாலைந்து தடவை போயிருக்கிறேன், அதில் இரண்டு தடவை வேறு ஒருவர் போயிருக்க வேண்டும். வாங்குகிறவர் பாயை மடித்துப் பார்த்து, "ஓரம் பிரியுதே" என்று சொல்வதை நெய்தவர் காதால் கேட்டால்தான் அடுத்த பாயில் ஓரம் சரியாகும். போய்வந்த ஆள் வந்து சொல்லும்போது அது பாதிதான் வரும். இனிமேல் ஒருவர் அனுபவம் உள்ளவர், ஒருவர் புதியவர், அந்தப் புதியவர் கையால் செய்கிறவர் என்று இரண்டு பேராக அனுப்பலாம் என்பது என் யோசனை. வீட்டில் தயங்கினால் குழுவே போய்ப் பேசலாம். வாசல் தாண்டக் கூடாது என்று தடுக்கப்பட்ட அந்தச் சகோதரியின் வீட்டுக்கு நாங்கள் நான்கு பேர் போய், எங்கே தங்குவது, யார் கூட வருவது, என்றைக்குத் திரும்புவது எல்லாவற்றையும் எழுதிக் காட்டினோம். தைக் கண்காட்சிக்கு அவர் வந்தார். ஜோடிப் பாயில் பெண் மாப்பிள்ளை பெயர் போட்டுத் தர முடியுமா என்று ஒரு அம்மா கேட்க, "தர்றேன்மா, பத்து நாள் கொடுங்க" என்று ஆர்டர் எடுத்ததும் அவர்தான். இப்போது ஆவணிக்கும் தைக்கும் அவருக்கு அந்த ஆர்டரே போதும்.

இந்த மாதக் கூட்டத்தில் செய்ய வேண்டியது: உங்கள் குழு இதுவரை போன கண்காட்சி, சந்தை எல்லாவற்றையும் நினைவுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் செலவு எவ்வளவு, விற்றது எவ்வளவு, எந்தப் பொருள் முதலில் தீர்ந்தது, எது அப்படியே திரும்பியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆடி பிறப்பதற்குள் அந்தத் தாளைக் கூட்டமைப்பில் கொடுத்தால், எல்லாக் குழுவின் தாளையும் சேர்த்து மாதவாரியாக ஒரு பட்டியல் போட்டு அடுத்த இதழில் தருகிறோம். நஷ்டப்பட்ட கணக்கையும் மறைக்காமல் எழுதி அனுப்புங்கள். பாய்க் குழுவின் தாள் ஏற்கெனவே வந்துவிட்டது. ஊறுகாய்க் குழுவில் இரண்டு பேர் வருகிற சனிக்கிழமை டவுன் கண்காட்சியை டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டு வரப் போகிறார்கள்.